உப்புப் பானைக்குள் இருந்த பாலன்

(மரக்காணத்தில், கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் முன்பு, செயற்பாட்டாளர்களும் மாணவர்களும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு மொழி பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கிறிஸ்துமஸை எப்படிக் கொண்டாடுவது, கிறிஸ்துவை அதன் மய்யத்தில் எப்படி வைப்பது என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். தலைப்பைக் கேட்டதும் முன்வரிசையில் இருக்கிற இரண்டு தோழர்கள் சிரிச்சாங்க. அவங்க சிரிப்பு எனக்குப் புரியுது. ஒருத்தர் பெரியாரைப் படிச்சவர். இன்னொருத்தர் 1956-இல் பாபாசாகேப் காட்டின வழிதான் வழி, அயோத்திதாசர் அதுக்கும் முன்னாடியே 1898-லேயே காட்டிட்டாருன்னு சொல்றவர். ரெண்டு பேர் மேலயும் எனக்கு மரியாதை உண்டு. ஆனா நான் எதையும் பரப்ப வரல. எங்க தெருவில் பாதி வீடு வேதக்கார வீடு. அந்த வீட்டுப் பிள்ளைங்களுக்கு டிசம்பர் மாசத்தில் என்ன சொல்லிக் குடுக்கப்படுதுங்கறது இந்த இயக்கத்துக்கு அக்கறையில்லாத விஷயமா? அதைத்தான் பேசப் போறேன்.

முதல்ல ஒரு விஷயத்தை ஒதுக்கிடறேன். டிசம்பர் பொறந்தா ஒரு பிரசங்கம் தவறாம வரும். புதுத்துணி வேண்டாம், கேக் வேண்டாம், கிறிஸ்துமஸ் தாத்தா வேண்டாம், கிறிஸ்து போதும் என்பார்கள். நல்ல பேச்சுதான். பீரோ நெறைய துணி வச்சிருக்கிற வீட்டுக்கு அது பொருந்தும். உப்பளத்துக்குப் போற வீட்டில் பிள்ளைக்கு வருஷத்துக்கு ஒரு துணி. அந்த ஒண்ணையும் வேண்டாம்னு சொல்லி இயேசுவை மய்யத்தில் உக்கார வைக்கணுமா? அப்படி உக்கார அவருக்கே மனசு வராது. கிறிஸ்துமஸ் தாத்தாவும் எங்களுக்குப் பெரிய போட்டி இல்ல. ஊர்த்தெருவெல்லாம் முடிச்சிட்டு அவர் காலனிக்கு வரும்போது மூட்டையில் மிட்டாய் தீர்ந்திருக்கும்.

மரக்காணத்து டிசம்பர் எப்படிப்பட்டதுன்னு வெளியூர் மாணவர்களுக்குத் தெரிஞ்சிருக்க நியாயமில்ல. நீங்க கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியா வெள்ளை வெளேர்னு குவியல் குவியலாப் பார்க்கிறீங்களே, அது கோடைக்காலத்து மரக்காணம். வடகிழக்கு மழை எறங்கிட்டா பாத்தியெல்லாம் தண்ணி. வரப்பு கரைஞ்சு போகும். பக்கிங்காம் கால்வாயும் கழுவேலியும் ஒரே நெறமா, சேத்து நெறமாக் கெடக்கும். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூணு மாசமும் உப்பு வேலை கெடையாது. பொங்கலுக்கு அப்புறம்தான் சேறு வாரி, பாத்தி மிதிச்சு, தண்ணி கட்ட ஆரம்பிப்பாங்க. ஆக, உப்பளத்துக்காரன் கையில் ஒரு பைசா இல்லாத நேரத்தில்தான் கிறிஸ்துமஸ் வருது. துணி எடுக்கணும்னா முன்பணம் வாங்கணும். முன்பணம் வாங்கினா வர்ற கோடையில் நம்ம வெயில் நமக்குச் சொந்தமில்ல. 2021-இல் தமிழக அரசு இந்த மழை மாசங்களுக்காக உப்பளத் தொழிலாளிக்கு 5000 ரூபாய் நிவாரணம்னு அறிவிச்சது. வாங்குகிறவர்கள் வாங்குகிறார்கள், நல்லதுதான். மூணு மாசத்துக்கு 5000. பிள்ளைங்களே கணக்குப் போட்டுடும்.

எங்க நைனா உப்பளத்தில் பலகை பிடிச்சவர். ஆயா தலைச்சுமை தூக்கினவங்க. கிறிஸ்துமஸுக்காக முன்பணம் வாங்கக் கூடாதுன்னு நைனா ஒரு சட்டம் வச்சிருந்தார். அதனால சில வருஷம் புதுத்துணி இருக்காது. அழுதிருக்கோம். அழுததை இப்ப மறைக்க வேண்டியதில்ல.

ஆனா குடில் தவறாது. ஆயாதான் கட்டுவாங்க. மழை விட்ட நேரம் பாத்து, கரைஞ்ச வரப்பிலிருந்து களிமண் எடுத்து வந்து நாங்களே பொம்மை புடிப்போம். பனை ஓலையில் கூரை. எங்க குடிலில் இடையர்கள் கையில் கோல் இருக்காது, உப்பு வாருகிற பலகைதான் இருக்கும். நடுவில் ஒரு சின்னத் தொட்டி, காலியா. பாலன் இயேசு மட்டும் கடையில் வாங்கின பொம்மை, ஒரு விரல் நீளம், மூக்கு உடைஞ்சது. அவர் கிறிஸ்துமஸ் நடுச்சாமத்துக்குத்தான் தொட்டிக்கு வருவார்.

அதுவரைக்கும் தொட்டியில் வைக்கோல் சேர்க்கணும். கோயில்ல கன்னியாஸ்திரிகள் சொல்லிக் குடுத்த வழக்கம் அது. உலகத்தில் பல நாட்டில் உண்டு. பிள்ளை ஒரு நல்ல காரியம் செஞ்சா ஒரு வைக்கோல் போடலாம். கிறிஸ்துமஸ் வர்றதுக்குள்ள பாலனுக்கு மெத்தை தயாராகிடணும். எங்க வீட்டில் இது ரெண்டு நாளைக்கு மேல நடக்கல. நானும் தம்பியும் யார் நல்லவங்கன்னு சண்டை போட ஆரம்பிச்சிட்டோம். ஆயா பாத்தாங்க. "நீங்க நல்லது செஞ்சாத்தான் புள்ளைக்குப் படுக்கையா? செய்யலன்னா தரையில போட்டுடுவீங்களா?" என்று கேட்டுவிட்டு வழக்கத்தையே மாத்திட்டாங்க.

ராத்திரி வெளக்கு வச்சதும் எல்லாரும் குடிலுக்கு முன்னாடி உக்காரணும். ஆயா ஒரே ஒரு கேள்வி கேப்பாங்க: "இன்னைக்கு யாருக்கு எடமில்ல?" அன்னைக்கு நாங்க பாத்ததில், கேட்டதில், யாருக்கு எங்க எடம் இல்லாமப் போச்சுன்னு சொல்லணும். சொன்னா அவங்க பேருக்கு ஒரு வைக்கோல். பஸ்ஸில் பக்கத்தில் உக்காரவிடாத கிழவிக்கு ஒண்ணு. வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு அனுப்பப்பட்ட பையனுக்கு ஒண்ணு. புருஷன் அடிச்சு தொரத்தி, அம்மா வீட்டிலும் சேத்துக்காத எதிர்வீட்டு அக்காவுக்கு ஒண்ணு. இந்த அக்கா விஷயத்தை நான் சொன்னப்ப பெரியவங்க முகம் மாறிச்சு. நம்ம தெருவே எடம் குடுக்கலையேன்னு. வைக்கோல் போட்டதோட நிக்கல, மறுநாள் அந்த அக்கா எங்க வீட்டில்தான் சாப்பிட்டாங்க.

ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெத்லகேம் கதையை அவங்க சொன்ன மாதிரி எந்தச் சாமியாரும் சொல்லி நான் கேட்டதில்ல. ராயன் எல்லாரையும் அவங்கவங்க ஊருக்குப் போய்ப் பேர் பதியச் சொல்லிட்டான். சூசையப்பர் புள்ளத்தாச்சியைக் கூட்டிக்கிட்டு அலையறார். சத்திரத்தில் எடமில்லன்னு சொல்லிட்டாங்க. இந்த இடம் வந்ததும் ஆயா நிறுத்துவாங்க. "எடமில்லன்னா சொல்லியிருப்பான்? என்ன ஆளுங்கன்னு மொதல்ல கேட்டிருப்பான்." பிள்ளைங்க நாங்க தலையாட்டுவோம். எங்களுக்கு அதுக்கு வெளக்கம் தேவைப்படல. மாட்டுக்கொட்டாயில் பொறந்தார், ராத்திரி முழிச்சிக் காவல் காத்தவங்களுக்குத்தான் முதல் சேதி போச்சு. "பங்களாக்காரனுக்கு ஏன் சொல்லல?" என்று கேட்பாங்க. "அவன் தூங்கிக்கிட்டிருந்தான்" என்று தம்பி கத்துவான். இதுதான் எங்க ஞானோபதேசம்.

பல வருஷம் கழிச்சு, படிச்ச பிறகு, தலித் இறையியல் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரிந்தது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, நம்ம பறட்டை அண்ணன், 2005-இல் மறைந்தவர், பறையையும் கிராமியப் பாட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டு வந்தார். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் பங்கிட்டுச் சாப்பிடுவதுதான் நற்கருணை என்பது அவர் வாதம். அதைப் படிச்சப்போ எனக்கு ஆயா ஞாபகம்தான் வந்தது.

இப்ப 1995-க்கு வர்றேன். நான் பத்தாவது படிக்கிறேன். சாதிச் சான்றிதழ் வேணும்னு பள்ளிக்கூடத்தில் கேட்டுட்டாங்க. விவரம் தெரிஞ்சவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, மாணவர்களுக்காகச் சொல்றேன். 1950 ஆகஸ்ட் 10-இல் குடியரசுத் தலைவர் பெயரில் வந்த ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956-இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990-இல் பவுத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரையும் முஸ்லிமையும் வெளியில் நிறுத்தினார்கள். தமிழ்நாட்டில் கிறிஸ்தவரான ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். அதாவது தலையில் தண்ணி ஊத்தினதும் சேரி போயிடுச்சாம். எங்க போச்சு? அதே தெரு, அதே டீக்கடை, அதே சுடுகாட்டுப் பாதை. நம்மை அடிக்கிறவன் ஞானஸ்நானச் சீட்டைப் பார்த்துவிட்டா அடிக்கிறான்? ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடப் போனால் அந்தச் சீட்டைப் பார்க்கிறார்கள்.

அதனால் எங்க பக்கத்தில் ரொம்பப் பேருக்கு ரெண்டு பேர். கோயில் புத்தகத்தில் ஒண்ணு, பள்ளிக்கூடத்தில் ஒண்ணு. எனக்கும் அப்படித்தான்.

ஒரு டிசம்பர் காலையில், விசாரிக்க ஆள் வர்றாங்கன்னு சேதி வந்தது. எந்த அலுவலகம், யார் என்பதெல்லாம் இப்ப வேண்டாம். நைனா வாசல்ல தொங்கின நட்சத்திரத்தை அவுத்து உள்ள வச்சார். திரு இருதயப் படத்தைத் துணியில் சுத்திப் பரண் மேல போட்டார். குடிலைப் பிரிச்சு மண்ணாக்க ரெண்டு நிமிஷம் கூட ஆகல. பாலன் பொம்மைதான் கையில் நின்னுச்சு. எங்க வைக்கிறதுன்னு தெரியாம, அம்மா அடுப்பங்கரைக்குப் போய், கல்லுப்புப் பானைக்குள் அழுத்திப் பொதைச்சு மூடிட்டாங்க. வந்தவங்க வந்தாங்க, சுவரைப் பாத்தாங்க, ரெண்டு கேள்வி கேட்டாங்க, போயிட்டாங்க. என்ன சான்றிதழ் கெடைச்சதுன்னு நான் இங்க சொல்லப் போறதில்ல. இது அச்சில் வரும் என்கிறார்கள்.

ராத்திரி வழக்கம்போல உக்காந்தோம். குடில் இருந்த எடத்தில் ஈர மண்ணு. ஆயா கேக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சு, கடைசியில் கேட்டாங்க, "இன்னைக்கு யாருக்கு எடமில்ல?" தம்பிக்கு அஞ்சு வயசு. "பாலனுக்கு" என்றான்.

யாரும் பேசல. நைனா எழுந்து வெளியில் போயிட்டார். மழை. அவர் அழுததை நான் பார்த்ததில்லை, அன்னைக்கும் பார்க்கவில்லை. ஆனா ரொம்ப நேரம் கழிச்சுத்தான் உள்ள வந்தார்.

தோழர்களே, கிறிஸ்துவை மய்யத்தில் வைப்பது பற்றி என்னிடம் கேட்டால், இந்த ராத்திரியைத்தான் சொல்ல முடியும். எங்க பிள்ளைங்க கிறிஸ்துமஸில் கிறிஸ்துவுக்குப் போட்டி கேக்கும் துணியும் இல்ல, பயம்தான். பொய் சொல்லாதேன்னு சொல்லிக் குடுக்கற அதே வாயால, "பள்ளிக்கூடத்தில் உன் பேர் வேற, கோயிலுக்குப் போறேன்னு டீச்சர்கிட்ட சொல்லாத"ன்னு சொல்லிக் குடுக்கறோம். அஞ்சு வயசுப் பிள்ளை என்ன புரிஞ்சுக்கும்? இயேசு என்பவர் வெட்கப்பட வேண்டிய ஆள்னு புரிஞ்சுக்கும். இல்லன்னா நம்ம சாதி வெட்கப்பட வேண்டியதுன்னு புரிஞ்சுக்கும். ரெண்டுமே நம்மைக் கொல்லும்.

ஆயா அந்த ராத்திரியே ஒரு முடிவு எடுத்தாங்க. பாலனைப் பானையிலிருந்து எடுக்கல. "அங்கியே இருக்கட்டும். பண்டிகை அன்னைக்கு எடுப்போம்"னாங்க. மறுநாள் குடிலைத் திரும்பக் கட்டினோம். நடுச்சாமத்தில், எங்க எல்லார் கண்ணு முன்னாடியும் உப்புக்குள் கையை விட்டுப் பாலனை எடுத்து, முந்தானையில் தொடைச்சு, "ஏன் ஒன்ன ஒளிச்சோம்னு ஒனக்குத் தெரியும். நாங்க ஒன்ன வேணாங்கல" என்று சொல்லி, தொட்டியில் வைக்கோல் மேல படுக்க வச்சாங்க. ராயன் பேர் பதியச் சொன்னதால்தானே அவரும் அலைஞ்சார், அவருக்குப் புரியாதா?

அன்றிலிருந்து அதுதான் எங்க வீட்டு வழக்கம். டிசம்பர் முதல் தேதி பாலன் உப்புப் பானைக்குள் போவார். ஏன் என்று பிள்ளைகள் கேட்கும். கேட்டால் முழுசாச் சொல்லணும், மூன்றாம் பத்தி உட்பட. ஆறு வயசுப் பிள்ளைக்கு அரசியல் சட்டம் புரியுமான்னு கேக்காதீங்க. சத்திரம் புரியுதில்ல? இதுவும் புரியும்.

எல்லாப் பழியையும் அரசாங்கத்து மேல போட்டுட்டு நான் எறங்கிட மாட்டேன். கோயிலுக்குள் சத்திரக்காரன் இல்லையா? இங்கிருந்து பாண்டிச்சேரி ரொம்ப தூரமில்ல. அங்க கோயிலுக்குள்ளேயே பறையர்களுக்கும் மத்தவங்களுக்கும் நடுவில் சுவர் கட்டி வச்சிருந்தாங்க. நம்ம ஜனங்க போய்ச் சாமியாரிடம் நியாயம் கேட்டு, அது இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை 1745-ஆம் வருஷத்து நாட்குறிப்பில் எழுதி வச்சிருக்கார். அவர் நம்ம ஆள் இல்ல, நமக்காக எழுதவும் இல்ல. அப்படியும் நம்ம முன்னோர் எழுந்து நின்னது பதிவாயிடுச்சு. இருநூத்தி அறுபது வருஷம் கழிச்சு, 2008 மார்ச்சில், எறையூரில் என்ன நடந்தது? தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். தேரும் சவ ஊர்வலமும் போகும் தெருவில்கூடப் பாகுபாடு, கல்லறையில்கூடத் தனி எடம் என்ற நிலையில்தான் கேட்டார்கள். வீடுகள் தாக்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் ரெண்டு உயிர் போச்சு. ரெண்டு தரப்பும் ஒரே பாலனைத்தான் தொட்டியில் படுக்க வைக்கிறவர்கள். 1992-இல் வந்த 'கருக்கு'வில் பாமா கோயிலுக்குள்ளும் மடத்துக்குள்ளும் இருக்கிற சாதியைப் பேசியபோது கோபப்பட்டவர்கள் இதுக்கு என்ன பதில் சொன்னார்கள்?

குழந்தைகள் இதையெல்லாம் பார்க்காது என்று நினைப்பது நம்ம வசதிக்குத்தான். 2004-இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடல் வந்தது. எங்க வழக்கப்படி பண்டிகையோட வைக்கோல் போடறது முடிஞ்சிடணும். அந்த வருஷம் பிள்ளைங்க நிறுத்தல. குப்பத்துச் சனங்களுக்குன்னு பொங்கல் வரைக்கும் போட்டுச்சுங்க. குப்பத்துக்காரங்க நம்மை எப்படி நடத்தினாங்கன்னு தெருவில் சில பெரியவங்க பழைய கணக்கைப் பேசினாங்க. பேசிட்டுப் போகட்டும். வைக்கோல் போட்டது பிள்ளைங்கதானே.

2013 ஏப்ரல் 25-ஐ இந்தக் கூட்டத்துக்கு நான் ஞாபகப்படுத்தத் தேவையில்ல. மாமல்லபுரம் மாநாட்டுக்குப் போன கூட்டம் மரக்காணத்தில் நம்ம வீடுகளைக் கொளுத்தின நாள். அந்த டிசம்பரில் எங்க உறவுக்காரப் பிள்ளை ஒண்ணு, நாலு வயசு, குடில் கட்டும்போது பக்கத்தில் உக்காந்திருந்தது. நான் ஓலையை எடுத்தேன். "கூரை வேணாம் அத்தை, எரிச்சிடுவாங்க" என்றது. அந்த வருஷம் எங்க குடிலுக்குக் கூரை போடவில்லை. பாலன் வானத்தைப் பாத்துக்கிட்டுப் படுத்திருந்தார்.

இத்தாலியில் கிரெச்சியோ என்கிற மலைக் கிராமத்தில் பிரான்சிஸ் அசிசியார் 1223-இல் நிஜ மாட்டையும் நிஜ வைக்கோலையும் வச்சுக் குடில் அமைச்சார்னு சொல்வாங்க. ஏழை எப்படிப் பொறந்தான்னு ஜனங்க கண்ணால பாக்கணும்னு. இப்ப கடையில் விக்கிற குடில் செட்டைப் பாருங்க. மாதா பட்டுப்புடவை மாதிரி கட்டியிருக்காங்க, மாட்டுக்கொட்டாயில் சாணி இல்ல, இடையன் குளிச்சுட்டு வந்து நிக்கிறான். அதை வாங்கி வைக்காதீங்கன்னு சொல்லல. களிமண்ணும் சேர்த்துப் பிசைங்கன்னு சொல்றேன். பிள்ளைக்குக் கையில் மண்ணு ஒட்டணும்.

வழக்கு பத்தி ஒரு வார்த்தை. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது. நீக்கல. 2022 அக்டோபரில் மறுபடி ஒரு ஆணையம், நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில். 2024 நவம்பர் 26-இல், அரசமைப்பு நாள் அன்றைக்கு, புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஞானஸ்நானம் வாங்கி, தவறாமல் கோயிலுக்குப் போகிறவர் இடஒதுக்கீட்டுக்காக இந்து என்று சொல்வது அரசமைப்புக்குச் செய்யும் மோசடி என்று. மோசடின்னு சொல்றாங்க. எங்க அம்மா பாலனை உப்பில் பொதைச்சப்ப அவங்க கை நடுங்கினதை நான் பாத்தேன். மோசடி செய்யறவங்க கை அப்படி நடுங்காது. மதம் மாறினா சாதி போயிடும்னு ஒரு பொய்யை எழுதி வச்சிட்டு, அந்தப் பொய்யால அவதிப்படறவளை மோசடிக்காரி என்பது எந்த நியாயம்? பவுத்தத் தோழருக்கு நான் வைக்கிற வேண்டுகோள் இதுதான். 1990-இல் உங்களுக்குத் திறந்த கதவுக்கு வெளியே நாங்க நிக்கிறோம். எங்க சாமியை நீங்க கும்பிட வேண்டாம். கதவைத் தள்ளும்போது கூட ஒரு கை குடுங்க.

நேரமாச்சு, துண்டுச்சீட்டு வந்துடுச்சு. ஒரே ஒரு விஷயம்.

என் மகள் இந்த வருஷம் அஞ்சாவது படிக்கிறா. சான்றிதழுக்கு எழுதிப் போட்டிருக்கோம். விசாரணைக்கு எப்ப வேணாலும் ஆள் வரலாம். என் வீட்டுக்காரர் நட்சத்திரத்தை உள்பக்கமா, அடுப்பங்கரை விட்டத்தில் கட்டியிருக்கார். "நட்சத்திரம் வழி காட்டறதுக்குத்தானே? வீட்டுக்குள்ள கட்டினா யாருக்கு வழி தெரியும்?" என்று அவள் கேக்கிறாள். அவர் என்னைப் பாக்கிறார். நான் இன்னும் பதில் சொல்லல. வாசல்ல கட்டறதா, உள்ளயே விட்டுடறதான்னு எங்களுக்கு அஞ்சு நாள் இருக்கு. நேத்து ராத்திரி வரைக்கும் தொட்டியில் பத்தொன்பது வைக்கோல். நேத்து வைக்கோல் யாருக்குன்னு கேட்டேன். "நட்சத்திரத்துக்கு" என்றாள்.

இன்னைக்குக் கேள்வி கேக்க நான் வீட்டுக்குப் போகணும். கடைசி பஸ் ஒன்பது மணிக்கு. வர்றேன் தோழர்களே.